முதலில் கழற்ற வேண்டியது எது?



தேனியிலிருந்து கம்பம் செல்லும் சாலையில், தேனியை அடுத்தாற்போல் இருக்கிறது எங்கள் பழனிசெட்டிபட்டி. முல்லைப் பெரியாறு ஊரின் ஓரமாகத்தான் ஓடுகிறது. தண்ணீர் உண்டு, மோட்டார் படகு இல்லை. படகு பார்க்க வேண்டுமென்றால் குமுளி மலையேறித் தேக்கடிக்குப் போக வேண்டும். இப்படிப்பட்ட ஊரில் மத்ரஸாவில் ஓதிக்கொடுக்கும் நான், மோட்டார் படகிலிருந்து என்ஜினை வெளியே எடுப்பது எவ்வாறு என்று இம்மாதம் எழுதப் போகிறேன். ஹஜ்ரத்துக்கு ஏன் இந்த வேலை என்று தாங்கள் புன்னகைக்கலாம். காரணம் இருக்கிறது.

சென்ற ரமளானில் ஒரு நாள் தராவீஹ் முடிந்து வெளியே வந்தபோது, முன்னாள் மாணவர் ஒருவர் எனக்காகக் காத்திருந்தார். சிறு வயதில் என்னிடம் குர்ஆன் ஓதியவர். ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்து, லாரிப் பட்டறைகளில் நான்காண்டுகள் உழைத்து, இப்போது சார்ஜாவில் உல்லாசப் படகுகளைப் பழுது பார்க்கும் ஓரிடத்தில் மாதச் சம்பளத்துக்கு இருக்கிறார். பெயர் வேண்டாம், தம்பி என்றே குறிப்பிடுகிறேன்.

"ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேட்கணும். ஒரு ராத்திரி முழுக்க ஒரு விஷயத்தை மேலாளுக்குச் சொல்லாமல் மறைத்து வைத்தேன். அது கியானத் ஆகுமா? அதற்காக இரண்டு மாதம் என் சம்பளத்தில் பிடித்தார்களே, அது சரியா?" என்றார்.

விஷயம் விளங்காமல் மஸ்அலா சொல்லக்கூடாது என்பது எங்கள் உஸ்தாதுமார்கள் எங்களுக்குப் புகட்டிய முதற்பாடம். ஆகவே, "முதலில் உன் வேலையை எனக்கு விளக்கு, பிறகு பதில் சொல்கிறேன்" என்று பள்ளிவாசல் திண்ணையில் அவரை உட்கார வைத்தேன். ஸஹர் நேரம் நெருங்கும் வரை பேசினார். அன்று நான் மாணவனாக இருந்தேன்.

படகில் என்ஜின் வைப்பதில் மூன்று வகை உண்டாம். தொண்டி, கோட்டைப்பட்டினம், கீழக்கரை வாசகர்களுக்கு முதல் இரண்டு வகைகளும் பழக்கமானவை. விசைப்படகில் என்ஜின் உள்ளே இருக்கும். அதிலிருந்து நீண்ட இரும்புத் தண்டு படகின் அடிப்பகுதியைத் துளைத்துக்கொண்டு வெளியே போய்ச் சுழல்விசிறியைச் சுற்றும். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் தடைக்காலத்தில், அங்கெல்லாம் படகுகளைக் கரையேற்றிப் பலகை பார்ப்பதும் என்ஜினைப் பிரித்துச் செப்பனிடுவதும் நடக்கும். வள்ளங்களிலோ என்ஜின் முழுவதும் வெளியே, பின்புறத்தில் தொங்கும். வேண்டாதபோது இரண்டு பேர் சேர்ந்து கழற்றித் தூக்கிக்கொண்டு போய்விடலாம்.

மூன்றாவது வகை இவ்விரண்டுக்கும் பிறந்த பிள்ளை. என்ஜின் படகுக்குள்ளே, பின்பலகையை ஒட்டி உட்கார்ந்திருக்கும். விசிறியைச் சுழற்றும் கால் மட்டும் பின்பலகைக்கு வெளியே தொங்கும். அந்தக் காலைத் திருப்பினால் படகு திரும்பும். ஆழம் குறைந்த இடத்தில் மேலே தூக்கிக்கொள்ளலாம். ஸ்டெர்ன் டிரைவ் என்று இதற்குப் பெயர். ஜிம் வின் என்ற அமெரிக்கரின் யோசனையை ஏற்று ஸ்வீடன் நாட்டு வோல்வோ பென்டா நிறுவனம் 1959-இல் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரண்டாண்டுகளில் அமெரிக்காவின் மெர்க்குரி நிறுவனமும் மெர்குரூசர் என்ற பெயரில் களத்தில் இறங்கியது. வளைகுடாவில் வெள்ளிக்கிழமைகளில் குடும்பத்தோடு கடலில் உலாவும் படகுகளில் இவ்வகை ஏராளம்.

இப்போது கவனியுங்கள். உள்ளே இருக்கும் என்ஜினையும் வெளியே தொங்கும் காலையும் இணைப்பது எது? பல் வெட்டிய முனையுடைய ஒரு குறுந்தண்டு. அது வெளியிலிருந்து பின்பலகையின் ஓட்டை வழியே, ஒரு பேரிங்கினூடே நுழைந்து, என்ஜினின் பின்புறமுள்ள கப்ளருக்குள் பொருந்துகிறது. தாய்மார்களுக்குக் கப்ளர் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மிக்ஸியின் மேல், ஜாரின் அடியைப் பிடித்துச் சுழற்றுகிறதே, அதுதான். ஜாரை நேராகத் தூக்காமல் கோணலாக இழுத்தால் அதன் பல் என்ன ஆகுமென்று தங்களுக்குத் தெரியும். அந்தத் தண்டு நீர்மட்டத்துக்குக் கீழே இருப்பதால், ஆர்மோனியத் துருத்தி போல மடிப்பு மடிப்பான ரப்பர் உறை ஒன்று அதைப் போர்த்தியிருக்கிறது. பெல்லோஸ் என்பார்கள். கடலுக்கும் படகின் உட்புறத்துக்கும் நடுவில் அந்த இடத்தில் இருப்பது அந்த ரப்பர் ஒன்றே. அது கிழிந்து, கட்டிப்போட்ட இடத்திலேயே இரவோடிரவாக மூழ்கிய படகுகள் உண்டு.

தம்பிக்கு லாரி என்ஜினைக் கழற்றுவது சட்டையைக் கழற்றுவது போல. அந்தத் துணிவே அவருக்கு வினையாயிற்று. அன்று போர்மேன் வேறொரு படகைப் பார்க்கப் போகும்போது, "நான் வரும்வரை ஒயர்களையும் குழாய்களையும் மட்டும் கழற்றி வை" என்று சொல்லிப் போயிருக்கிறார். தம்பி அவற்றை முறையாகவே செய்தார். படகு கரையில், மரத்தாங்கியின் மேல் இருந்தது. என்ஜின் மூடியைத் திறந்து, காற்றாடியை ஓடவிட்டு, அடியில் தேங்கிய பெட்ரோல் ஆவியை வெளியேற்றினார். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடிவயிற்றில் பதுங்கிக் கிடக்கும். ஒரு பொறி பட்டால் போதும். அதன் பிறகுதான் பாட்டரியைப் பிரித்தார். பெட்ரோல் குழாயை அடைத்தார், தண்ணீரை வடித்தார், ஆக்ஸிலேட்டர் கேபிள், கியர் கேபிள், புகைக்குழாய் எல்லாவற்றையும் விடுவித்தார். ஒவ்வொரு ஒயரிலும் சீட்டு ஒட்டி எண் எழுதினார். அந்தக் கவனம் நம் பட்டறைகளில் கற்றதல்ல. அங்கே போய்க் கற்றதாம்.

அத்தோடு நிறுத்தியிருந்தால் இக்கட்டுரைக்கு இடமில்லை. போர்மேன் வரத் தாமதமாயிற்று. நம் திறமையைக் காட்டுவோமே என்று ஒரு நினைப்பு. என்ஜினைத் தாங்கும் முன்னிரண்டு பின்னிரண்டு போல்ட்டுகளைக் கழற்றினார். செயின் பிளாக்கை மாட்டி இழுத்தார். 300, 400 கிலோ எடையுள்ள என்ஜின் நான்கு விரற்கடை எழும்பி நின்றது. எங்கோ பிடிக்கிறது என்று மேலும் இழுத்தார். உள்ளே ஏதோ முறியும் ஓசை கேட்டது.

வெளியே தொங்கும் காலை அவர் கழற்றவில்லை. பின்பலகையில் அதைப் பிடித்திருக்கும் ஆறு நட்டுகளையும், தூக்கி இறக்கும் எண்ணெய்க் குழாய்களையும் நீக்கி, இருவர் பிடித்து நேராகப் பின்னோக்கி இழுத்தால் கால் குறுந்தண்டோடு வெளியே வந்துவிடும். அதன் பிறகே என்ஜினைத் தொட வேண்டும். அப்போதும் எடுத்த எடுப்பில் மேலே தூக்கலாகாது. சற்று எழுப்பி, முன்னோக்கி நகர்த்தி, பின்பலகையை விட்டு விலக்கிய பிறகே உயர்த்த வேண்டும். லாரியில் பழகிய கைக்கு இது தெரியவில்லை.

ஒளூவில் உறுப்புகளை வரிசைப்படி கழுவும் தர்தீப், நம் ஹனஃபி மத்ஹபில் சுன்னத். கடற்கரை ஊர்களிலுள்ள ஷாஃபிஈ சகோதரர்களிடம் அது பர்ளு. "தம்பி, படகு விஷயத்தில் மட்டும் நான் ஷாஃபிஈ ஆகிவிட்டேன்" என்றேன். அந்த இரவில் அவர் சிரித்தது அப்போது ஒருமுறைதான்.

என்ஜினை மெல்லப் பழைய இடத்தில் இறக்கிவிட்டு, வெளியே போய் டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறார். பெல்லோஸின் ஒரு மடிப்புக்குள் அரை விரல் நீளத்துக்குக் கீறல். விரித்துப் பார்த்தாலன்றித் தெரியாது. கப்ளரின் நிலை என்னவென்று என்ஜினை வெளியே எடுத்தால்தான் விளங்கும். அதற்குள் பொழுது சாய்ந்து, போர்மேன் நாளைக்குப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார். அறைக்கு வந்தபோது உடன் வேலை செய்பவர் ஒருவர் சொன்ன யோசனை: "கிரீஸைப் பூசிவிடு. ரப்பர் பழசு. யார் கேட்கப் போகிறார்கள்?"

அன்றிரவு தம்பிக்கு நினைவு வந்தது தேக்கடி. 2009 செப்டம்பர் 30. நோன்புப் பெருநாள் கழிந்து பத்து நாள் ஆகியிருக்கும். பெரியாறு ஏரியில் ‘ஜலகன்யகா’ என்ற இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். நம் தமிழ்நாட்டவரும் அவர்களுள் இருந்தார்கள். எங்கள் பள்ளத்தாக்கில் அந்தச் செய்தி கேட்டுக் கலங்காத வீடில்லை. மக்தபில் பாடத்தை நிறுத்தி, இறந்தோரின் குடும்பத்தாருக்காகப் பிள்ளைகளை துஆ கேட்கச் சொன்னேன். எனக்கே மறந்துபோன அதை இந்தத் தம்பி நினைவில் வைத்திருந்தார். அங்கே பழுது என்ஜினில் இல்லை. மிருகங்களைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் சாய்ந்ததும், அந்தப் பாரம் தாங்காத படகின் நிலைகுலைவும் சேர்ந்து நடந்தது. ஆனால், "ஏறி உட்கார்ந்தவர்களுக்குக் காலடியில் என்ன இருக்கிறது என்று தெரியாதே ஹஜ்ரத்! நம் பிள்ளைகளையும் பெண்களையும் போலத்தானே அந்தப் படகிலும் ஏறுவார்கள்!" என்றார்.

ஃபஜ்ரு தொழுதுவிட்டு, போர்மேன் தங்கியிருந்த அறைக்கே போய்ச் சொல்லிவிட்டார். அவர் திட்டினார், பிறகு தாமே வந்து, காலைக் கழற்றி, என்ஜினை வெளியே எடுத்துக் காட்டினார். கப்ளரின் பற்கள் சிதைந்து, அதன் ரப்பர் பிய்ந்திருந்தது. பேரிங்கும் கெட்டிருந்தது. மூன்றையும் புதிதாகப் போட்டார்கள். திரும்பப் பொருத்தும்போது நீண்ட இரும்புக் கம்பியொன்றைப் பின்பலகை வழியே விட்டுப் பார்ப்பார்களாம். அது இரண்டு விரலால் தள்ளினாலே பேரிங்கைக் கடந்து கப்ளருக்குள் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். போகவில்லையென்றால், என்ஜினின் முன்தாங்கிகளை ஒரு மயிரிழை ஏற்றியும் இறக்கியும் நேர் செய்ய வேண்டும். அன்று அதற்கே ஒரு பகல் போயிற்று. செலவில் ஒரு பகுதியைத் தம்பியின் சம்பளத்தில் பிடித்தார்கள்.

இனி மஸ்அலா. நான் முஃப்தி அல்லன். பெரிய ஆலிம்களிடமும் கேட்டுக்கொள் என்று சொல்லித்தான் என் பதிலைச் சொன்னேன். பலருக்கும் பொதுவாகத் தொழில் செய்யும் பட்டறை, தன் செயலால் சேதமான பொருளுக்குப் பொறுப்பு. ஒருவரிடம் சம்பளத்துக்கு இருக்கும் ஊழியரோ, அத்துமீறலோ அலட்சியமோ இல்லாமல் நேர்ந்த சேதத்துக்குப் பொறுப்பல்லர். இது நம் மத்ஹபின் நூல்களில் உள்ள சட்டம். நம் பிள்ளைகளின் சம்பளத்தில் சின்னச் சின்னச் சேதத்துக்கெல்லாம் பிடித்தம் செய்யும் முதலாளிகள் இதை அறிய வேண்டும். உள்ளூரிலும் அத்தகைய முதலாளிகள் நம்மவரிடையே இருக்கிறார்கள். ஆனால் தம்பிக்கு இட்ட வேலை ஒயரும் குழாயும் மட்டுமே. அதைத் தாண்டிப் போனது அத்துமீறல்தான். "அதனால் அந்தப் பணத்தை நீ திருப்பிக் கேட்க வழியில்லை" என்றேன். அவர் முகம் வாடவில்லை. "அப்படித்தான் நானும் நினைத்தேன்" என்றார்.

மறைத்த இரவைப் பற்றி? படகு கரையில் இருந்தது. அதை அப்படியே மூடித் தண்ணீரில் இறக்க விட்டிருந்தால் அமானிதத்தை முறித்தவர் ஆகியிருப்பார். அதற்கு முன்பே சொல்லிவிட்டார். தயங்கிய நேரத்துக்கு இஸ்திஃபார் செய்துகொள் என்றேன். அந்தப் போர்மேன் மறு மாதமே அடுத்த என்ஜினை இவரிடம் ஒப்படைத்ததையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

சென்ற வாரம் இவருக்குப் பெண் பார்த்த வீட்டில், "மெக்கானிக்குதானே, டிகிரி இல்லையே" என்றார்களாம். நானும் டிகிரி வாங்கியவன்தான். ஒரு நட்டைக் கூட நேராக முடுக்கத் தெரியாது. அந்தக் குடும்பம் இந்த இதழின் சந்தாதாரர் என்று அறிகிறேன். அவர்கள் இதைப் படிப்பார்கள்.

விடுமுறை முடிந்து புறப்படும்போது தம்பி எண்பது பக்க நோட்டு ஒன்றை என்னிடம் தந்தார். என்ஜின் கழற்றும் வரிசை, எந்த போல்ட்டுக்கு எந்த ஸ்பேனர், தாங்கிகளின் உயரத்தைக் கழற்றும் முன் குறித்துவைக்கும் முறை, திரும்ப மாட்டும் முன் பார்க்க வேண்டிய இடங்கள் எல்லாம் தமிழில், படத்தோடு எழுதியிருக்கிறார். எழுத்துப்பிழையை மட்டும் திருத்தித் தரச் சொன்னார். திருத்திவிட்டேன். ஐ.டி.ஐ.யில் பயிலும் பிள்ளைகளோ, வளைகுடாவில் படகு வேலைக்குப் போகவிருக்கும் தம்பிமார்களோ நகல் எடுத்துக்கொள்ள விரும்பினால், அஸருக்குப் பின் மத்ரஸாவுக்கு வரலாம். நோட்டை வெளியே கொண்டுபோக அனுமதி இல்லை. அங்கேயே உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள்.

வஸ்ஸலாம்.