வெயில் வேறு, புழுக்கம் வேறு

பங்குனி பிறந்துவிட்டால் என் பேத்தி, "தாத்தா, பயங்கர சூடு" என்கிறாள். திருவனந்தபுரத்தில் பிறந்து வளரும் குழந்தை. அக்கம்பக்கத்து மலையாளம் அப்படித்தான் ஒட்டும். ஆனால் சூடு காபிக்கு உரியது. இங்கே நாம் படுவது புழுக்கம்.

வெயில் சுடும், வெக்கை வறட்டும். காற்றில் ஈரம் மிகுந்து, வியர்வை உலர வழியின்றி உடம்பு அவிவதே புழுக்கம். நெல்லை அவித்து எடுக்கும் புழுங்கல் அரிசிக்கும் இதுவே வேர்ச்சொல். மலையாளிகளும் அதைப் புழுக்கலரி என்கிறார்கள். வேகவைத்த மரவள்ளிக் கிழங்கைக் கப்பைப் புழுக்கு என்கிறார்கள். சொல் இரு வீட்டுக்கும் சொந்தம்.

இந்தச் சொல்லின் பொருளை நான் ரயில்வேயில் தாமதமாகத்தான் கற்றேன். தண்டவாளத்தின் வெப்பம் வரம்பைத் தாண்டினால் சல்லியைத் தோண்டும் வேலையை நிறுத்த வேண்டும். இல்லையேல் பாதை வளைந்துவிடும். ஒரு மே மாதம், கழக்கூட்டம் அருகே வேலை. மேகமூட்டம், காற்றே இல்லை. நாகர்கோவில் பக்கத்துத் தொழிலாளி ஒருவர், "சார், புழுக்கம் தாங்கலை" என்றார். வெப்பமானியைப் பார்த்தேன், வரம்புக்குள்தான் இருந்தது. "வெயிலே இல்லையேப்பா" என்று வேலையைத் தொடரச் சொன்னேன். சற்று நேரத்தில் மயங்கி விழுந்தார். பிழைத்துக்கொண்டார். இரும்புக்குப் புழுக்கம் கிடையாது, மனிதனுக்கு உண்டு என்பது அன்றுதான் உறைத்தது.

இன்றும் அதே தவறு நடக்கிறது. கடலோர ஊரில் 37 டிகிரியைத் தொட்டு, வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடினால்தான் வானிலைத் துறைக்கு அது வெப்ப அலை. ஆனால் 33 டிகிரியோடு 75 சதவீத ஈரப்பதம் சேர்ந்தாலே உடம்புக்கு 40-க்கு மேல் போலிருக்கும். கோடையில் நண்பகல் 12 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று கேரளத் தொழிலாளர் துறை உத்தரவிடுவது நல்ல ஏற்பாடு. ஆயினும் அது வெயிலைப் பற்றியது. சாலைக் கடைத்தெருவில் தகரக் கூரையின் கீழ் மூட்டை சுமப்பவருக்கும், ஓட்டல் அடுப்படியில் நிற்பவருக்கும் வெயில் படுவதில்லை, புழுக்கம் படுகிறது. அவர்களில் நம் ஊர்க்காரர்களும் உண்டு. ஓய்வுக்கான கணக்கில் ஈரப்பதத்தையும் சேர்க்க வேண்டும்.

நம்மால் உடனே முடிவதும் உண்டு. வீட்டுக்கு வேலைக்கு வருபவர் "புழுக்கமா இருக்கு" என்றால் வெப்பமானியைத் தேடாதீர்கள். மின்விசிறியைப் போட்டு, தண்ணீர் கொடுத்து உட்காரச் சொல்லுங்கள். அன்று நான் அதைச் செய்யாதது இன்றும் எனக்கு மனப்புழுக்கமாகவே இருக்கிறது.