சர்க்கார் செய்யும் திவசம்

புதுச்சேரியில் வருஷந்தோறும் ஜூலை 30ந் தேதி ஒரு காரியம் நடந்து வருகிறது. 1936-ம் வருஷம் அதே தேதியில், சவானா மில்லில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களைப் பிரஞ்சு சர்க்கார் போலீசார் சுட்டதில் 12 பேர் மாண்டார்கள். அவர்கள் கேட்டது ராஜ்யத்தை அல்ல; எட்டுமணி நேர வேலையையும், சங்கம் வைத்துக்கொள்ளும் உரிமையையுமேயாகும். அந்த நாளில் மாலை வைக்கிறார்கள், பேசுகிறார்கள், கலைந்து போகிறார்கள்.

நினைவு கொள்வதை நாம் குறை கூற வரவில்லை. மாலை வைத்ததோடு செத்தவர்களின் பெண்டுபிள்ளைகளுக்குச் செய்யவேண்டிய கடமை தீர்ந்தது என்கிற எண்ணத்தையே கண்டிக்கிறோம். புரோகிதன் எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு, "பிதிர்க்கடன் தீர்ந்தது" என்று தட்சணை வாங்கிப் போவதற்கும், மந்திரி மாலை வைத்துவிட்டுக் காரில் ஏறிப் போவதற்கும் என்ன வித்தியாசம்? முன்னது வீட்டுத் திவசம். பின்னது சர்க்கார் திவசம். இரண்டிலும் கொன்றவன் யார், பதில் சொல்ல வேண்டியவன் யார் என்ற கேள்வியே கிடையாது.

பயங்கரவாதம் என்றால் மறைந்திருந்து குண்டு வைப்பவன் செய்வது மட்டும்தானா? 1968 டிசம்பர் 25ந் தேதி தஞ்சை ஜில்லா கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட குற்றத்துக்காக 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்களே, அது என்ன? குற்றஞ்சாட்டப்பட்ட மிராசுதாரர்களை ஹைக்கோர்ட் விடுதலை செய்தது. எரிந்தவர்களுக்கு ஸ்தூபி கிடைத்தது, நியாயம் கிடைக்கவில்லை.

ஜனங்களோ, "தலைவிதி", "கர்மபலன்" என்று சொல்லி மனதை ஆற்றிக்கொள்ளுகிறார்கள். விதி துப்பாக்கி பிடிக்குமா? கர்மம் குடிசைக்கு நெருப்பு வைக்குமா? மனிதன் செய்த கொலைக்கு மனிதனிடந்தான் கணக்குக் கேட்கவேண்டும்.

"பணம் கொடுக்கிறோமே" என்பார்கள். பயங்கரவாதத்திலும் வகுப்புக் கலவரத்திலும் மாண்ட குடிமக்களின் குடும்பத்துக்கு இந்திய சர்க்கார் 2008 முதல் 3 லட்ச ரூபாயும், 2016 முதல் 5 லட்ச ரூபாயும் கொடுக்கத் திட்டம் வைத்திருப்பது உண்மையே. ஆனால், அது வயிற்றுக்கு, வழக்குக்கு அல்ல. குற்றவாளி விடுதலையானால் பாதிக்கப்பட்டவர் தாமே அப்பீல் செய்யலாம் என்ற சட்டமே 2009 டிசம்பர் 31ந் தேதிதான் வந்தது. உரிமை கொடுத்துவிட்டு வக்கீலுக்கு வழி காட்டாதிருப்பது, பசித்தவனிடம் பூட்டிய பத்தாயத்தைக் காட்டுவது போலல்லவா?

"சர்க்காரே வழக்கு நடத்தும்போது குடும்பத்தாருக்குத் தனி வக்கீல் எதற்கு?" என்று கேட்கலாம். சுட்டது சர்க்கார் போலீசாகவும், அசட்டையாயிருந்தது சர்க்கார் அதிகாரியாகவும் இருந்தால், சர்க்கார் வக்கீல் யாருக்காகப் பேசுவார்? 2019 ஈஸ்டர் நாளில் மட்டக்களப்பு உட்பட இலங்கையில் பல இடங்களில் குண்டு வெடித்து 260 பேருக்கு மேல் மாண்டனர். பறிகொடுத்தவர்களும் மற்றவர்களும் தாங்களே கோர்ட்டுக்குப் போனதால்தான், 2023இல் மாஜி ஜனாதிபதி சிறிசேனா சொந்தப் பணத்தில் 10 கோடி ரூபாய் கொடுக்கவேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது.

மற்ற தேசங்களையும் பாருங்கள். 1998இல் வட அயர்லாந்தின் ஓமா நகரில் குண்டுக்கு 29 பேர் பலியானார்கள். குடும்பத்தார் தொடுத்த சிவில் வழக்குக்குப் பிரிட்டிஷ் சர்க்கார் 8 லட்சம் பவுன் உதவியது. 2009இல் வழக்கு ஜெயித்தது. அன்று நம் தொழிலாளிகளைச் சுட்ட அதே பிரான்சு, 1986 முதல், சொத்து இன்ஷூரன்ஸ் செய்வோரிடம் சிறு வரி வாங்கி, பயங்கரவாதத்தில் அடிபட்டவர்களுக்கு நிதி நடத்துகிறது. 2015இல் பாரிசில் 130 பேர் கொல்லப்பட்ட வழக்கில், குடும்பத்தார் தாமும் கட்சிக்காரர்களாகக் கோர்ட்டில் நின்று வாக்குமூலம் சொன்னார்கள். பிரஞ்சுத் தெருப்பெயர்களைப் பெருமையாகக் காப்பாற்றும் புதுவை, இந்த நல்ல காரியத்தை ஏன் எடுத்துக்கொள்ளக்கூடாது?

"பழைய சங்கதி" என்று தட்டிக் கழிக்கவும் வேண்டாம். புராணத்து அசுரனைக் கொன்றதற்கு வருஷா வருஷம் வெடி வெடிக்கிறவர்களுக்கு 1936 பழசாகிவிடுமா?

ஆகவே நாம் கேட்பது மூன்றே. இப்படிப்பட்ட வழக்குகளில் குடும்பத்தார் தாமே அமர்த்தும் வக்கீலின் செலவைச் சர்க்கார் ஏற்கவேண்டும். விசாரணைத் தஸ்தாவேஜுகளை அவர்கள் கையில் கொடுக்கவேண்டும். 1936ஐப் பற்றிய சர்க்கார் காகிதங்களைப் பிரான்சிலிருந்தும் இங்கிருந்தும் திரட்டித் தமிழில் அச்சிடவேண்டும்.

தோழர்களே! அடுத்த ஜூலை 30ந் தேதி மாலையோடு வருகிறவர்களை வழிமறித்து இந்த மூன்றையும் கேளுங்கள். பதில் சொன்ன பிறகு மாலை வைக்கட்டும்.