கல்வியும் கைகளும்



ஐக்கிய அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் வல்பரைசோ என்னும் சிறிய பல்கலைக்கழகம் உள்ளது. 1859இல் மெதடிஸ்த மக்களால் தொடங்கப்பெற்ற அது நலிவுற்றிருந்த வேளையில், 1925இல் லூத்தரன் கிறிஸ்தவர்களின் சங்கமொன்று அதனை வாங்கிப் பொறுப்பேற்றது.

இரண்டாம் உலகப் போரின் பின்னர் அங்கு பொறியியல் பயின்றோர், இரண்டு ஆண்டுகளின் பின் பட்டத்தை நிறைவுசெய்ய வேறிடம் செல்ல வேண்டியிருந்தது. முழுமையான கற்கைநெறியை நடத்தக் கட்டடம் தேவைப்பட்டது, நிதியோ போதவில்லை. மாணவர்கள் குறைகூறிக்கொண்டு நிற்கவில்லை. 1940களின் இறுதியில், படிப்போடு படிப்பாகத் தங்கள் கைகளாலேயே அக்கட்டடத்தை எழுப்பினர். அவர்களுக்குப் பின்வந்த மாணவரும் அவ்வுழைப்பின் பயனைப் பெற்றனர்.

இறைவனின் ஒளியிலேயே நாம் ஒளியைக் காண்கிறோம் என்னும் 36ஆம் திருப்பாடலின் சிந்தனையே அப்பல்கலைக்கழகத்தின் மகுட வாசகமாகும். அந்த ஒளி நூலகத்தில் மட்டுமன்று, சுண்ணாம்பும் மண்ணும் படிந்த கைகளிலும் சுடர்விட்டது.

பெற்றோரே! பரீட்சைப் பெறுபேறு வெளியானதும் எத்தனை பாடங்களில் சித்தி என்று கேட்கிறோம். அக்கல்வியால் யாருக்கு நன்மை விளைந்தது என்று கேட்கிறோமா? பங்கின் சிரமதானத்திற்கோ, நோயுற்ற அயலவருக்கு உதவவோ பிள்ளை புறப்படும்போது, படிப்பு வீணாகிறதே என்று தடுத்துவிடாதீர்கள். அதுவும் படிப்பே. தனக்கென மட்டும் கற்கும் கல்வி, மரக்காலின் கீழ் மூடப்பட்ட விளக்காகும். அதனைத் தண்டின் மீது ஏற்றிவைக்கும் அருளை நம் இல்லங்களுக்காக இறைவனிடம் மன்றாடுவோம்.