பரணும் அஞ்சறைப் பெட்டியும்

பக்கத்து வீட்டு மாமி போன மாதம் லாப்டாப்பும் கையுமாக வந்து நின்றாள்.

"ஸ்விட்சைப் போட்டு, டிகாஷன் இறக்கி, காப்பியும் குடிச்சாச்சு. இன்னும் இது கண் விழிக்கலைடி! கடைக்காரன் தூக்கிப் போடச் சொல்றான். மாமா இருந்தப்போ எடுத்த படமெல்லாம் இதிலேதானே இருக்கு!" என்றாள். குரல் தழுதழுத்தது.

"கவலைப்படாதீர்கள் மாமி, ஓர் அஞ்சறைப் பெட்டி வாங்கினால் போதும்" என்றேன்.

விஷயம் இதுதான், சகோதரிகளே. பழைய லாப்டாப்பிலுள்ள ஹார்ட் டிஸ்க் ஒரு பரண். உள்ளே தட்டு ஒன்று நிமிஷத்துக்கு 5,400 தடவை சுற்ற, சின்னக் கை ஒன்று அங்குமிங்கும் நகர்ந்து தேடும். எஸ்.எஸ்.டி.யில் சுற்றலும் இல்லை, நகரலும் இல்லை, கேட்டவுடன் கிடைக்கும்.

கடுகுக்காகத் தினமும் பரண் ஏறுவோமா? அடிக்கடி வேண்டியதை எடுத்து அஞ்சறைப் பெட்டியில் வைத்துக் கொள்கிறோம். 2011-ல் இன்டெல் கொண்டுவந்த 'ஸ்மார்ட் ரெஸ்பான்ஸ்' ஏற்பாடும் அப்படியே. அடிக்கடி கேட்கும் சாமான்களின் பிரதி சின்ன எஸ்.எஸ்.டி.யில் இருக்கும். 64 ஜி.பி.க்கு மேல் அதற்குத் தேவையில்லை.

மாமியின் லாப்டாப் 2012-ல் வாங்கியது. இந்த வசதியும், உள்ளே காலி இடமும் இருந்தன. படங்களையெல்லாம் முதலில் வெளி டிஸ்க் ஒன்றில் பிரதி எடுத்துவிட்டு, 32 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தச் சொன்னேன். முதல் தடவை வித்தியாசமே தெரியாது. பழகப் பழகத்தான் வேகம் வரும்.

இரண்டு எச்சரிக்கைகள்:

இந்த ஏற்பாட்டில் இரண்டு வகை உண்டு. ஒன்றில், எழுதுவது உடனே பரணுக்கும் போய்விடும். மற்றதில் பெட்டியிலேயே தங்கிப் பிறகுதான் போகும். வேகம் கூடுதல், ஆனால் நடுவில் பெட்டி பழுதானால் புதிதாக வைத்தது போச்சு! முதல் வகையே நமக்கு நல்லது. பெட்டியைக் கழற்றுமுன் ஏற்பாட்டை நிறுத்திவிடவும் வேண்டும்.

இன்னொன்று: அஞ்சறைப் பெட்டி பரணைக் காப்பாற்றாது. பழைய டிஸ்க் என்றைக்காவது நிற்கத்தான் போகிறது. அதனால் அருமையான படங்களுக்கு வேறிடத்தில் ஒரு பிரதி அவசியம். காலி இடம் இல்லாத லாப்டாப்பானால், ஹார்ட் டிஸ்க்கையே எடுத்துவிட்டுப் பெரிய எஸ்.எஸ்.டி. போடுவதே மேல்.

நேற்று மாமி வீட்டுக்குப் போனேன். அடுப்பில் பால் பொங்குவதற்குள் திரையில் மாமா சிரித்துக்கொண்டிருந்தார்.

"இப்போ காப்பி போடக்கூட அவகாசம் தரமாட்டேங்கிறதுடி!" என்று அலுத்துக்கொண்டாள் மாமி.