இங்கிலீஷ் யாருடைய சொத்து?

ஷிப்டு முடிந்து மில் தொழிலாளி வீடு திரும்புகிறார். பஞ்சுத் தூசி படிந்த சட்டையைக் கழற்றிக் கொடியில் போடுவதற்குள் பத்தாம் வகுப்பில் படிக்கும் மகள் புத்தகத்தோடு வந்து நிற்கிறாள். "அய்யா, இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்கிறாள். "எனக்கு என்ன தாயி தெரியும்? நாளைக்கு டீச்சர்ட்ட கேளு" என்கிறார் அவர். மகள் பேசாமல் புத்தகத்தை மூடி வைக்கிறாள்.

கோவில்பட்டித் தெருக்களிலும், விளாத்திகுளம், எட்டயபுரம், ஓட்டப்பிடாரம், கயத்தாறு வட்டாரத்துக் கரிசல் கிராமங்களிலும் உள்ள ஏழை வீடுகளுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. கணக்கில் தடுமாறும் பிள்ளைக்கு, கூலிக்கணக்குப் போட்டுப் பழகிய தகப்பன் ஓரளவு உதவ முடிகிறது. தமிழ்ப் பாடத்துக்கு அம்மாவின் வாய்மொழியே துணை நிற்கிறது. இங்கிலீஷ் வந்துவிட்டால் மட்டும் வீடு முழுவதும் ஊமையாகிவிடுகிறது.

பத்தாம் வகுப்பில் பாடங்கள் ஐந்து. ஒவ்வொன்றிலும் 35 மார்க் எடுத்தால்தான் தேர்ச்சி. மற்ற நான்கிலும் கரையேறிய பிள்ளை, ஒரே பாடத்தில் வழுக்கி விழுந்து, "படிப்பு ஏறவில்லை" என்ற பட்டத்தோடு தீப்பெட்டி ஆபீஸுக்கோ காட்டு வேலைக்கோ போகிறான் என்றால், அதை அந்தப் பிள்ளையின் தலைவிதி என்று நாம் ஒப்புக்கொள்ள முடியுமா? முடியாது!

குறை பிள்ளையிடம் இல்லை

இந்த மண்ணில் ஏழையின் பிள்ளை பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததே ஒரு நீண்ட போராட்டத்தின் கதை. 1953-ம் வருஷத்தில் ராஜாஜி சர்க்கார் கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் படிப்பு நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் தகப்பன் தொழிலைப் பழகட்டும் என்றது. குலக்கல்வி என்று நாடே அதை எதிர்த்தது. 1954-ல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. 1956-ல் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் துவக்கி வைத்தது நம்முடைய எட்டயபுரத்தில்தான். பசித்த வயிற்றில் படிப்பு ஏறாது என்ற உண்மையை அரசாங்கம் அன்று ஒப்புக்கொண்டது.

அதற்குப் பிறகும் எத்தனை தடைகள்! சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்தில், விடியுமுன் வேன் வந்து பிள்ளைகளைத் தீப்பெட்டி ஆபீஸுக்கு அள்ளிக்கொண்டு போன காலத்தை இன்றைய பாட்டன் பாட்டிமார் மறந்திருக்க மாட்டார்கள். 1986-ல் குழந்தைத் தொழிலாளர் தடுப்புச் சட்டம் வந்தது. சிவகாசிப் பிள்ளைகள் பற்றிய வழக்கில், 1996-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. 2009-ல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. இத்தனைக்கும் பிறகுதான் வேன் ஏறிய பிள்ளை வகுப்பில் உட்கார்ந்தது.

ஆகவே, இன்று ஒன்பதாம் வகுப்பில், பத்தாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் எத்தனையோ பேர், தங்கள் குடும்பத்திலேயே முதல்முறையாக இங்கிலீஷ் புத்தகத்தைக் கையில் எடுத்தவர்கள். டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கு இங்கிலீஷ் சாப்பாட்டு மேஜையிலேயே கிடைக்கிறது. நம் பிள்ளைக்கு வாரத்தில் சில மணி நேரம் பள்ளியில் மட்டுமே கிடைக்கிறது. இருவரையும் ஒரே கோட்டில் நிறுத்தி ஓடவிட்டு, பிந்தியவனை மந்தன் என்று சொல்வது அநியாயம்.

இது நம் வட்டாரத்தின் குறை மட்டுமல்ல. 2022-ல் நாடெங்கும் கிராமப்புறப் பிள்ளைகளிடையே எடுத்த 'அசர்' கணக்கின்படி, ஐந்தாம் வகுப்பில் எளிய இங்கிலீஷ் வாக்கியங்களை வாசிக்க முடிந்தவர்கள் 24.5 சதவீதம். எட்டாம் வகுப்பில் 46.7 சதவீதம். எட்டு வருஷம் பள்ளிக்குப் போன பிறகும் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் ஒரு சிறு வாக்கியத்தில் திணறுகிறார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் தோற்றால், தோற்றது பிள்ளைகளா, போதிக்கும் ஏற்பாடா?

கடன் வாங்கி வாங்கும் இங்கிலீஷ்

இந்தப் பயத்தை மூலதனமாக்கி வியாபாரம் செய்கிறவர்கள் உண்டு. "எங்களிடம் எல்லாம் இங்கிலீஷில்தான்" என்று பலகை மாட்டினால் போதும். கூலிக்காரர் கம்மலை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கி, பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். பிள்ளை டை கட்டிக்கொண்டு வேனில் போவதைப் பார்க்கப் பெற்ற மனம் குளிருகிறது. அந்தப் பெற்றோரை நாம் குறைகூற மாட்டோம். தங்கள் பாடு பிள்ளைக்கு வேண்டாம் என்ற ஆசையில் செய்கிறார்கள்.

ஆனால் ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இங்கிலீஷ் படிப்பது வேறு. எல்லாவற்றையும் இங்கிலீஷிலேயே படிப்பது வேறு. வீட்டில் இங்கிலீஷ் கேட்காத பிள்ளைக்கு விஞ்ஞானத்தையும் கணக்கையும் அதே பாஷையில் ஊட்டினால், விஞ்ஞானமும் விளங்காமல் இங்கிலீஷும் வராமல் மனப்பாடம் ஒன்றே மிஞ்சுகிறது.

சீனாவைப் பாருங்கள். அங்கே உயர்நிலைப் பள்ளி முடிந்து கல்லூரிக்குப் போக 'காவ்காவ்' என்ற பெரிய பரீட்சை இருக்கிறது. சீன மொழிக்கு 150 மார்க், கணக்குக்கு 150, அந்நிய பாஷைக்கு 150. அந்த அந்நிய பாஷை பெரும்பாலோருக்கு இங்கிலீஷ்தான். மூவாயிரத்துக்கு மேற்பட்ட வார்த்தைகளை அந்த மாணவர்கள் பழகுகிறார்கள். கோடிட்ட இடத்தை நிரப்புகிறார்கள். பத்தி பத்தியாக வாசித்துப் பதில் எழுதுகிறார்கள். ஆனால் பௌதிகத்தையும் ரசாயனத்தையும் தங்கள் சொந்த மொழியிலேயே கற்கிறார்கள். தாய்மொழியில் படித்ததால் அந்த நாட்டு எஞ்சினியருக்குப் பாலம் கட்டத் தெரியாமல் போயிற்றா? அங்கேயும் பரீட்சைப் பளு பிள்ளைகளை வாட்டத்தான் செய்கிறது. நகரத்துக்கும் கிராமத்துக்கும் இடைவெளி உண்டு. ஆயினும் 2021-ல், கட்டாயக் கல்வி வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளிப் பாடங்களை லாபத்துக்கு டியூஷன் நடத்துவதை அந்த அரசாங்கம் தடுத்தது.

நம் மாநிலத்திலும் தமிழ்வழி படித்தவனுக்குக் கதவு மூடப்படவில்லை. 2010-ல் அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிகல் எஞ்சினியரிங் படிப்புகளைத் தமிழில் துவக்கியது. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீதம் முன்னுரிமை தரும் சட்டமும் அதே வருஷத்தில் வந்தது. ஆகவே பாடங்களைத் தமிழில் படிப்போம். இங்கிலீஷை ஒரு பாடமாக, உறுதியாகப் பழகுவோம்.

பழகுவது எப்படி?

வார்த்தையில் துவங்குவோம். எங்களுக்கு ஒரு இங்கிலீஷ் வார்த்தைகூடத் தெரியாது என்று தொழிலாளி சொல்கிறார். ஷிப்டு, போனஸ், யூனியன், ஸ்டிரைக், லீவு, மெமோ, சார்ஜ் ஷீட், லாக்-அவுட் - இவையெல்லாம் என்ன பாஷை? பாதி அகராதி நம் வாயிலேயே இருக்கிறது. எழுத்தில் பார்க்கத்தான் பழகவில்லை. தகப்பன் சொல்லட்டும், பிள்ளை எழுதிக் காட்டட்டும். 'எம்ப்ளாயர்' என்றால் வேலை கொடுக்கிறவர். 'எம்ப்ளாயீ' என்றால் வேலை செய்கிறவர். வார்த்தையின் வால் மட்டும் மாறுகிறது; முதலாளி தொழிலாளியாகிறார்! 'லே-ஆஃப்' என்றால் வேலை தற்காலிகமாக நிற்கிறது. 'ரெட்ரெஞ்ச்மெண்ட்' என்றால் வேலையே போகிறது. இந்த வேற்றுமை தெரியாமல் கையெழுத்துப் போட்டவர் இழப்பது மார்க் அல்ல, சோறு. ஒரு நாளைக்கு ஐந்து வார்த்தை போதும். வருஷத்துக்கு ஆயிரத்து எண்ணூறுக்கு மேல் ஆகிறது.

எழுத்துக்கூட்டல் கஷ்டம் என்பது உண்மை. தமிழை எழுதியபடி வாசிக்கிறோம். இங்கிலீஷில் 'சி, யூ, டி' என்றால் 'கட்'. அதே வரிசையில் முதலெழுத்தை மட்டும் மாற்றி, 'பி, யூ, டி' என்று எழுதினால் 'புட்'. இதில் பிள்ளை குழம்பினால் அது பிள்ளையின் மூளைக் கோளாறு அல்ல, அந்தப் பாஷையின் கோணல். கண்ணால் பார்த்து, வாயால் சொல்லி, கையால் எழுதிப் பழகுவது ஒன்றே வழி.

அடுத்தது இலக்கணம். இங்கேதான் தாய்மொழி துணைக்கு வருகிறது. 'நான் நேற்று மில்லுக்குப் போனேன்' என்பது தமிழ். 'ஐ வென்ட் டு தி மில் எஸ்டர்டே' என்பது இங்கிலீஷ். தமிழில் வினை கடைசியில் நிற்கிறது. இங்கிலீஷில் ஆளை அடுத்து வந்துவிடுகிறது. நம் 'கு' மில்லுக்குப் பின்னால் ஒட்டுகிறது. அவர்கள் 'டு' முன்னால் நிற்கிறது. 'வந்தான், வந்தாள், வந்தார்கள்' என்று நம் வினை ஆளுக்கு ஆள் மாறுகிறது. அங்கே எல்லோருக்கும் 'கேம்' ஒன்றுதான். இப்படி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உபாத்தியாயர் விளக்கினால், நெட்டுருப் போட்டதும் புரிந்துவிடும். தமிழ் இலக்கணம் அறிந்த பிள்ளைக்கு இங்கிலீஷ் இலக்கணம் பூதமல்ல.

மூன்றாவது, வாசிப்பு. பரீட்சைக்குத் தரும் பத்தியை மட்டும் வாசித்தால் வாசிப்பு வராது. கண்ணில் பட்டதையெல்லாம் வாசிக்க வேண்டும். தகப்பனின் சம்பளச் சீட்டில் 'கிராஸ்' என்ன, 'டிடக்ஷன்' என்ன, 'நெட்' என்ன? பிள்ளை வாசித்துச் சொல்லட்டும். பருத்திக்கு அடிக்கும் மருந்து டப்பாவில் சாய்சதுரக் கட்டம் ஒன்று இருக்கும். அதன் கீழ்ப்பாதி சிவப்பானால் மிகக் கொடிய விஷம், மஞ்சள் அதற்கு அடுத்தது, நீலம் அதற்கும் அடுத்தது, பச்சை குறைந்தது. மேற்பாதியில் 'பாய்ஸன்', 'டேஞ்சர்', 'காஷன்' என்று விஷத்துக்குத் தக்கபடி வார்த்தை இருக்கும். முதுகில் டேங்க் சுமந்து மருந்தடிக்கிற அப்பனுக்கு அந்த வார்த்தையைப் படித்துச் சொல்லும் பிள்ளை, மார்க்கைவிடப் பெரிய காரியத்தைச் செய்கிறான்.

இந்த மண்ணின் முன்னோர்

நம் பக்கத்துப் பெரியோர்கள் இங்கிலீஷுக்கு அடிமையானதும் இல்லை, அதைக் கண்டு பயந்ததும் இல்லை. ஓட்டப்பிடாரத்து வ.உ.சி. வக்கீலாக இங்கிலீஷ் சட்டத்தைக் கரைத்துக் குடித்தவர். 1908-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களிடம் தமிழில்தான் பேசினார். ஜேம்ஸ் ஆலன் இங்கிலீஷில் எழுதிய நூல்களைத் தமிழ்ப்படுத்தித் தந்தார். எட்டயபுரத்துப் பாரதி, இங்கிலீஷ் கல்வி முறையைக் கடுமையாகச் சாடியவர். அவரே 1904-ல் 'சுதேசமித்திர'னில் சேர்ந்து, இங்கிலீஷ் செய்திகளைத் தமிழாக்கும் வேலையைச் செய்தார். இங்கிலீஷ் அவர்களுக்கு எஜமானன் அல்ல, கருவி. அரிவாளை எடுக்கத் தெரிந்தவன் கையில் அது அறுக்கும்; தெரியாதவன் கையைக் கிழிக்கும்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. ஜனங்கள் இங்கிலீஷ் படிக்க வேண்டும் என்பதற்காக, ஜனங்களோடு இங்கிலீஷில்தான் பேசுவேன் என்று ஆபீஸும் ஆலையும் சொல்ல அனுமதிக்க முடியாது. மில்லின் நிலையாணைகளை இங்கிலீஷோடு தொழிலாளர்களில் பெரும்பாலோர் அறிந்த மொழியிலும் எழுதி ஒட்ட வேண்டும் என்று 1946-ம் வருஷத்துச் சட்டமே சொன்னது. தமிழை ஆட்சி மொழியாக்கிய சட்டம் 1956-ல் வந்தது. நோட்டீஸ் தமிழில் வர வேண்டும் என்று கேட்பது நம் உரிமை. இங்கிலீஷில் வந்தாலும் ஏமாறாதிருப்பது நம் பலம். இரண்டும் வேண்டும்.

நாம் கேட்பது என்ன?

அறுபது பிள்ளைகள் வரை உள்ள ஆரம்பப் பள்ளிக்கு இரண்டு உபாத்தியாயர்கள் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. இரண்டு பேர் ஐந்து வகுப்பைக் கட்டி மேய்த்தால், எவர் வாய்திறந்து பிள்ளையை இங்கிலீஷ் வாசிக்க வைப்பார்? ஆகவே அரசாங்கத்தை நாம் கேட்கிறோம்:

ஒன்று: கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் வகுப்புக்கு ஒரு உபாத்தியாயர் வேண்டும். உயர்நிலைப் பள்ளிகளில் இங்கிலீஷ் உபாத்தியாயர் இடம் ஒரு நாளும் காலியாகக் கிடக்கக் கூடாது.

இரண்டு: ஒவ்வொரு பள்ளியிலும் எளிய இங்கிலீஷ் கதைப் புத்தகங்கள் வேண்டும். பீரோவுக்குள் பூட்டி வைக்காமல் பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப் போகக் கொடுக்க வேண்டும்.

மூன்று: பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் இலவசப் பயிற்சி வகுப்பும், அது முடிந்த பிறகு பெண்பிள்ளைகள் பத்திரமாக ஊர் போய்ச் சேர பஸ் வசதியும் வேண்டும்.

நான்கு: தனியார் பள்ளிக் கட்டணத்தைக் கட்டுப்படுத்த 2009-ல் வந்த சட்டத்தைக் கண்டிப்பாக அமல் செய்ய வேண்டும்.

அரசாங்கம் செய்யும்வரை நாம் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. யூனியன் ஆபீஸில் ஒரு பெஞ்சும் ஒரு விளக்கும் இருக்கின்றன. கிராமத்தில் சாவடி இருக்கிறது. அந்தத் தெருவில் கல்லூரி வரை படித்த இளைஞர்கள் நாலு பேராவது இருப்பார்கள். வாரம் மூன்று நாள், மாலை ஒரு மணி நேரம் அவர்கள் வந்து உட்காரட்டும். ஐந்து வார்த்தை, இரண்டு வாக்கியம், ஒரு பத்தி வாசிப்பு. இதற்குப் பணம் வேண்டாம், விடாப்பிடி வேண்டும்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். எழுதப் படிக்கத் தெரியவில்லையே என்று கூசாதீர்கள். பிள்ளை வாசிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். "எனக்கும் அதைச் சொல்லிக் கொடு தாயி" என்று கேளுங்கள். சொல்லிக் கொடுக்கும் பிள்ளை இரண்டு மடங்கு கற்றுக்கொள்ளும்.

வறண்ட கரிசலில் விதை போட்டு, மழைக்காக வானம் பார்த்துக் காத்திருக்கும் ஜனங்கள் நாம். நம் பிள்ளைகளின் படிப்பையும் அப்படி வானம் பார்த்த பூமியாக விட்டுவிடக் கூடாது. இங்கிலீஷ் எந்த மேட்டுக்குடியின் பரம்பரைச் சொத்தும் அல்ல. பழகுகிறவன் சொத்து அது. பழகுவோம், பழகுவதற்கு வேண்டியதைப் போராடிப் பெறுவோம்!