வயசு மட்டும்தானா?

கண்ணமங்கலம் டீக்கடையில் காலையில் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கிற பெரியவரைப் பார்த்தால், ‘வயசாயிடுச்சு’ என்று நகர்ந்துவிடுகிறோம். அந்த நடுக்கம் முந்தின நாள் குவார்ட்டரின் பாக்கியாகவும் இருக்கலாம். மனைவி போய்ச் சேர்ந்து, பிள்ளைகள் பிழைப்புக்கு வெளியூர் போனபின் குடி கூடுகிறது; தூக்கம் கெடுகிறது, சோறு இறங்குவதில்லை, பேச்சும் நின்றுபோகிறது. இது மனச்சோர்வாக இருக்கலாம். வயதான உடம்பில் நீர் குறைவு என்பதால், ஐம்பதில் தாங்கிய அளவு எழுபதில் ஆளைச் சாய்த்துவிடும்.

கோயிலில் கயிறு கட்டி ஒரே நாளில் குடியை நிறுத்தவைப்பது நம் வழக்கம். எண்ணம் நல்லதுதான். ஆனால் வருடக்கணக்கில் தினமும் குடித்தவருக்கு வலிப்பும் பிதற்றலும் வந்து உயிரே போகலாம். மருத்துவமனையில் மாத்திரையும் தயமின் ஊசியும் கொடுத்துப் பக்குவமாக நிறுத்துவார்கள். குடி நின்ற சில வாரங்களில் பலருக்குச் சோர்வு தானே விலகும். விலகாதவர்களுக்குத் தனி மருந்து உண்டு.

2003 முதல் அரசே கடை நடத்தி மது விற்கிறது. அதே அரசின் ஆரம்ப சுகாதார நிலையத்தில், பிரஷர் பார்க்கும்போதே ‘தாத்தா, குடிப்பீங்களா?’ என்று ஒரு வார்த்தை கேட்டால் என்ன? வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மனநல மையம் இருக்கிறது. போக முடியாதவர்கள் மனநல உதவி எண் 14416-ஐ அழையுங்கள், கட்டணமில்லை.