கை நடுக்கத்துக்கு மாத்திரை இருக்கு, அது விடாம கிடைக்கணும்!

தோழர்களே, இன்னைக்கு மீம் இல்ல. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

பிள்ளையார்பாளையத்தில் எங்க தெருவில் ஒரு தாத்தா. நாற்பது வருஷம் தறியில் உட்கார்ந்து கோர்வைச் சேலை நெய்தவர். கரையும் உடலும் சேர்கிற இடத்தில் ஒரு இழை தப்பினாலும் காட்டிக் கொடுத்துவிடும், அப்படிப்பட்ட வேலை. வலது கை நடுங்க ஆரம்பிச்சப்போ "வயசாச்சுல்ல"ன்னு எல்லாருமே விட்டுட்டோம், நானும்தான். ரெண்டு வருஷம் கழிச்சு சென்னை போய்ப் பார்த்தப்புறம்தான் பார்க்கின்சன்னு தெரிஞ்சது.

மாத்திரை ஆரம்பிச்ச சில வாரத்தில் சட்டைப் பட்டனைத் தானே போட்டார். அப்புறம் ஒரு மாசம் கூலி தாமதமாச்சு. மூணு வேளை மாத்திரையை ஒரு வேளையாக்கிட்டார், வீட்டில் யார்கிட்டயும் சொல்லல. கொஞ்ச நாளில் கட்டிலை விட்டு இறங்க முடியல.

நான் இன்ஜினியரிங் படிச்சவன், டாக்டர் இல்ல. ஆனா இது புரியாத விஷயம் இல்ல. இந்த நோயில் மூளையில் டோபமின் சுரக்கும் செல்கள் குறைஞ்சுக்கிட்டே போகும். டோபமினை நேரா கொடுத்தா ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. லெவோடோபா நுழையும், உள்ளே போய் டோபமினா மாறும். வழியிலேயே மாறி வீணாகாம இருக்கத்தான் கூடவே கார்பிடோபா. இதன் வேலை சில மணி நேரம்தான். அதனால் ஒரு வேளை தவறினாலும் உடம்பு இறுகிடும். திடீர்னு அடியோடு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து.

பூனைக்காலி விதையில் லெவோடோபா இருக்கிறது உண்மைதான். ஆனா எந்த விதையில் எவ்வளவுன்னு அளவு சொல்ல முடியாது. மாத்திரையை நிறுத்திட்டுப் பொடி வாங்காதீங்க. வாந்திக்குக் கடையில் கேட்டு மெட்டோகுளோபிரமைடு வாங்கிக் கொடுக்கவும் கூடாது, அது டோபமினையே தடுத்து நடுக்கத்தைக் கூட்டும்.

லெவோடோபா, கார்பிடோபா கூட்டு மாத்திரை 2022 தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கு. அதனால் விலைக்கும் உச்சவரம்பு உண்டு. சரி, ஆனா ஆயுசு முழுக்க தினம் மூணு நாலு வேளைன்னா, கூலி வராத மாசத்தில் அந்த விலையும் பாரம்தான்.

1994-ல் தொடங்கின தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் மொத்தமா மருந்து வாங்குறதில் மத்த மாநிலங்களுக்கே வழிகாட்டியா இருந்தது. 2021 ஆகஸ்ட்டில் வந்த மக்களைத் தேடி மருத்துவம், பி.பி., சுகர் மாத்திரையை வாசலுக்கே கொண்டு வந்தது. (எந்த ஆட்சியில் எது வந்ததுங்கிற பஞ்சாயத்தைக் கமெண்டில் ஆரம்பிக்காதீங்க, ப்ளீஸ்.) அந்தப் பையில் லெவோடோபாவும் மாசம் தவறாம வரணும். பி.பி. பார்க்க வர்றவங்க "கை நடுங்குதா, நடை சுருங்கிடுச்சா"ன்னு ஒரு கேள்வி கேட்கணும். நெசவாளர் தெருக்களில் முதல்ல தொடங்கட்டும். கை நடுங்கினா இங்கே வீட்டு அடுப்பே நின்னு போகுது.

உங்க தெருவில் இப்படி மாத்திரை இல்லாம யாராவது இருந்தா, அவங்க பேர் போடாம வார்டு எண் மட்டும் கமெண்டில் போடுங்க. சேர்த்து மனுவா எழுதி கலெக்டர் ஆபீஸ் திங்கள் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கிறோம்.

#நேரத்துக்குமாத்திரை #காஞ்சிபுரம்